கோவையில் ஆபரேஷன், மலையில் வீடு: பெரிய வயிற்று அறுவைக்குப் பின் எப்போது கிளம்புவது, எப்போது திரும்பி வருவது

நீலகிரிக் குடும்பங்களுக்குப் பெரிய வயிற்று ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டும். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு ஓரளவு மேலேயே நடக்கிறது. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கேரளப் பக்கமோ மைசூருக்கோ போவதும் உண்டு. எங்கே நடந்தாலும் ஒரு காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்பார். அந்த நேரத்திலிருந்து முதல் முப்பது நாள் வரைக்குமான வழிகாட்டி இது.

குடல், இரைப்பை, கணையம், கல்லீரல் இவற்றில் ஒரு பகுதியை எடுத்தவர்கள், குடலில் ஓட்டை விழுந்தோ அடைப்பு வந்தோ அவசரமாக வயிற்றைத் திறந்தவர்கள், புற்றுநோய்க்காகக் கர்ப்பப்பையும் சுற்றுப்புறமும் எடுத்தவர்கள் ஆகியோருக்காக எழுதியது. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையோ குடல்வாலோ மட்டும் எடுத்தவர்களுக்கு இதில் பாதிக்கு மேல் தேவைப்படாது.

நாள் கணக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

"எத்தனை நாள் இருக்கணும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. தோராயமாகச் சொன்னால், சிக்கலில்லாத பெருங்குடல் ஆபரேஷனுக்கு 4 முதல் 7 நாள், இரைப்பைக்கு 7 முதல் 10 நாள், கணையத் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனுக்கு 10 முதல் 14 நாள். ஓட்டை விழுந்து சீழ் பரவிய வயிறு என்றால் கணக்கே வேறு.

முன்பு இதைவிட நீண்ட நாள் படுக்கவைப்பார்கள். 1990-களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் வேறு வழியைக் காட்டினார்: ஆபரேஷன் முடிந்த மறுநாளே நடக்கவிடுவது, சீக்கிரம் வாய்வழி உணவு, குழாய்களைச் சீக்கிரம் எடுப்பது, மயக்கம் தராத வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது. இப்போது உலகெங்கும் அதுதான் நடைமுறை. எனவே ஐந்தாம் நாள் அனுப்புகிறார்கள் என்றால் "படுக்கை வேண்டுமென்று துரத்துகிறார்கள்" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தகுதி வந்த பிறகு சீக்கிரம் போவதால் மட்டும் ஒருவர் திரும்பி அட்மிட் ஆவதில்லை. தகுதி வருவதற்கு முன் போவதுதான் பிரச்சினை.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குடலை வெட்டி மீண்டும் இணைத்த இடம் கசிந்தால், அது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் வெளியே தெரியும். சிலருக்கு இரண்டாம் வாரத்தில்கூட. நான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆனவர் அந்த நாட்களில் வீட்டில் இருப்பார். வீடு காந்திபுரத்தில் என்றால் இருபது நிமிடத்தில் திரும்பிவிடலாம். கூடலூரில் என்றால் நான்கைந்து மணி நேரம், அதுவும் பாதையில் மண் சரியாமல் இருந்தால்.

குடல் ஆபரேஷன் செய்துகொண்ட பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் முப்பது நாளுக்குள் மீண்டும் அட்மிட் ஆகிறார். விப்பிள் போன்றவற்றில் இது ஐந்தில் ஒருவருக்கு நெருங்குகிறது. ஆகவே திரும்பிப் போக நேர்ந்தால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று பொருளில்லை. தாமதமாகத் திரும்புவதுதான் ஆளைச் சாய்க்கும்.

முந்தின நாள் மாலையே பார்த்துக்கொள்ள வேண்டியவை

டிஸ்சார்ஜ் காலையில் பில், இன்சூரன்ஸ், கார் என்று ஓடவே நேரம் சரியாக இருக்கும். நோயாளியை நிதானமாகப் பார்க்க முந்தின நாள் மாலைதான் தோது.

சாப்பாடு: டிரிப்ஸ் நிறுத்தி ஒரு முழு நாள் ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகு குறைந்தது இரண்டு வேளை மென்மையான உணவு வாந்தி இல்லாமல் உள்ளே நின்றிருக்க வேண்டும். கஞ்சித் தண்ணீர் இரண்டு வாய் குடித்ததைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குடல்: காற்றுப் பிரிந்திருக்க வேண்டும். மலம் போயே ஆக வேண்டும் என்று எல்லா டாக்டரும் காத்திருப்பதில்லை. ஆனால் காற்றும் பிரியாமல், வயிறும் உப்பியிருந்தால் கிளம்பக் கூடாது.

சிறுநீர்: குழாயை எடுத்த பிறகு தானாக, தாராளமாகப் போக வேண்டும். அறுபதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் இங்கே தடை வரும். குழாயை டிஸ்சார்ஜ் அன்று காலையில் எடுத்துவிட்டு மதியமே அனுப்பினால் மாட்டிக்கொள்வது குன்னூர் ஏறும் பாதையின் பர்லியார் வளைவுகளில். முந்தின நாளே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வலி: ஊசி நிறுத்தி, மாத்திரையிலேயே ஒரு நாள் ஓடியிருக்க வேண்டும். ஆழமாக மூச்சிழுக்கவும் இருமவும் முடிகிறதா என்பதுதான் இதற்குச் சரியான சோதனை. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிடுபவருக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டும்.

காய்ச்சல், நாடி: ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓடிக்கொண்டிருந்தால் காய்ச்சல் மறைந்துதான் இருக்கும். அதனால் நாடியைப் பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இருக்க வேண்டும். வயிற்றுக்குள் கோளாறு என்றால் காய்ச்சலுக்கு முன்பே நாடி ஏறுவது உண்டு. அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அவர்களுக்கு 90-ஐயே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை: வெள்ளை அணுவும், உடலுக்குள் அழற்சி இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதமும் இறங்கிக்கொண்டு வருகின்றனவா என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளுக்கு மேலும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் நின்றால், "காரணம் தெரிஞ்சுதான் அனுப்பறீங்களா சார்?" என்று கேட்பதில் தவறில்லை. ஆய்வகங்கள் சிலவற்றில் அளவு டெசிலிட்டரில் வரும். அங்கே 15 என்பதுதான் இந்த 150. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

நடை: வார்டு வராந்தாவில் நடந்தால் போதாது. ஹட்டியிலும் (படுகர் ஊர்) எஸ்டேட் லைனிலும் (தொழிலாளர் வீட்டு வரிசை) கார் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே நாற்பது ஐம்பது படியோ செங்குத்தான ஒற்றையடிப் பாதையோ இருக்கும். பிசியோதெரபிஸ்டிடம் சொல்லி மருத்துவமனைப் படிக்கட்டில் ஒரு மாடி ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால், அதை டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டருக்கு உங்கள் வீடு எங்கே என்று தெரியாது

கேஸ் ஷீட்டில் "நீலகிரி" என்று இருக்கும். அதைப் பார்க்கும் டாக்டர் குன்னூர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்வார், நீங்கள் இருப்பது எங்கோ ஒதுங்கிய கிண்ணக்கொரையாக இருக்கும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "சார், வீடு கோத்தகிரிக்கும் மேல. ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா இங்க வந்து சேர மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். ரெண்டு நாள் கீழயே தங்கிட்டுப் போகட்டுமா?"

இந்தக் கேள்விக்குப் பல டாக்டர்கள் சரி என்றே சொல்வார்கள். மருத்துவமனைக்கு அரை மணி நேரத் தொலைவில் உறவினர் வீடோ வாடகை அறையோ பார்த்துத் தங்கி, எட்டாம் நாள் ஒரு தடவை காட்டிவிட்டு மேலே ஏறுவது நல்ல ஏற்பாடு. குடலை இணைத்தவர்கள், புதிதாக ஸ்டோமா (குடலின் வாயை வயிற்றுத் தோலில் திறந்துவிடுவது) வைத்து அதன்மேல் பை மாட்டியவர்கள், எழுபது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், அவசர ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோரும் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் தங்கினால் மலைப்பாதை மிச்சம்தான். ஆனாலும் கோவைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கிழமையையும் பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை டிஸ்சார்ஜ் வாங்கினால், வீட்டில் முதல் இரண்டு நாள் சனியும் ஞாயிறும். உங்கள் சர்ஜன் போனில் கிடைப்பதும் கடினம், பாதையிலும் சுற்றுலா வண்டிகள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழை அடித்து ஊற்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஏறும் பாதைகளில் மண் சரியும். 2009 நவம்பரில் அப்படித்தான் பல இடங்களில் பாதை அறுந்தது. வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் மலை ஏற வேண்டாம்.

உயரம் வயிற்றுக்குள் செய்யும் வேலை

இதை மருத்துவமனையில் யாரும் சொல்வதில்லை, கீழே இருப்பவர்களுக்குத் தேவைப்படாததால். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், உதகை சுமார் 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், கோவையில் குடலுக்குள் இருந்த அதே காற்று உதகையில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் இடத்தைப் பிடிக்கும். நல்ல குடல் அதை வெளியே தள்ளிவிடும். இன்னும் முழுதாக விழிக்காத குடல் தள்ளாது. உப்பும், குமட்டும், தையலில் இழுக்கும். காற்றுப் பிரிந்த பிறகே மலை ஏற வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோத்தகிரி, குன்னூர் உயரத்தில் இது சற்றுக் குறைவு, கூடலூரில் இன்னும் குறைவு. ஆனால் கோவையிலிருந்து உதகை வழியாகக் கூடலூர் போகிறவர் நடுவே அந்த உச்சியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

ஸ்டோமா பையும் இதே கணக்கில் ஊதும். கிளம்பும் முன் ஒரு தடவை காலி செய்யுங்கள், மேட்டுப்பாளையத்தில் ஒரு தடவை, ஏறி முடித்ததும் ஒரு தடவை. வழியில் பை புடைத்தால் கீழ் வாயைத் திறந்து காற்றை விடுங்கள். ஊசியால் குத்திவிடுகிறவர்கள் உண்டு. பிறகு அந்த ஓட்டை வழியாக ஒழுகும்.

இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கக் கைவிரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் மலையில் வேறு எண் காட்டும். கீழே 98 காட்டிய நல்ல ஆளுக்கு உதகையில் 94, 95 காட்டுவது சகஜம். வீட்டுக்குப் போன முதல் நாள் நோயாளிக்கும் வீட்டில் உள்ள ஆரோக்கியமான ஒருவருக்கும் பார்த்து எழுதிவையுங்கள். பிறகு ஒப்பிட இதுதான் அளவுகோல். விரல் சில்லிட்டிருந்தால் கருவி பொய் சொல்லும். கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

கையில் வாங்காமல் கிளம்பக் கூடாத காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். என்ன ஆபரேஷன், எதை எடுத்தார்கள், எதை எதோடு இணைத்தார்கள் என்பது முழுப் பெயரோடு இருக்க வேண்டும். நடு ராத்திரி குன்னூரிலோ கூடலூரிலோ அரசு மருத்துவமனையில் உங்களைப் பார்க்கும் டாக்டருக்கு "வயித்துல ஆபரேஷன் பண்ணாங்க" என்ற தகவல் எந்த உதவியும் செய்யாது. கடைசி இரத்தப் பரிசோதனை, ஆன்டிபயாடிக் நிறுத்தும் தேதி, தையலோ ஸ்டேப்பிளோ எடுக்கும் தேதி, பயாப்சி ரிப்போர்ட் எப்போது வரும் என்பது, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முன்பு எடுத்த மாத்திரைகளில் எதைத் தொடர்வது எதை நிறுத்துவது, எல்லாம் அதில் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் விட்டுப்போகிறது. சரியாகச் சாப்பிடாத ஆள் பழைய அளவில் இன்சுலின் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். எல்லாக் காகிதங்களையும் போனில் படமெடுத்து வீட்டில் இரண்டு பேருக்கு அனுப்பிவையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்திருந்தால், சிக்கலோடு திரும்பி வந்தால் செலவு எந்தக் கணக்கில் வரும் என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பணத்துக்கு யோசித்துக்கொண்டே ஒரு ராத்திரி தாமதிப்பது நிறையவே நடக்கிறது.

வயிற்றிலோ இடுப்புக்குழியிலோ புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்க எனாக்ஸபாரின் ஊசியை நான்கு வாரம் தொடர்வது வழக்கம். வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். வேண்டுமென்றால் போடும் முறையை நர்ஸிடம் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டு, முழு எண்ணிக்கையையும் கோவையிலேயே வாங்கிவிடுங்கள். மேலே சின்ன ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அறை வெப்பத்தில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. தையலிலிருந்து தள்ளி, ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் போட வேண்டும்; போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

மலை ஏறும் நாள்

காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட்டால் பனிமூட்டம் இறங்குவதற்குள் வீட்டில் இருக்கலாம். டிஸ்சார்ஜ் நடைமுறைகள் முடிய மதியம் ஆகிவிட்டால் அன்று கீழே தங்குவது மேல். பஸ் வேண்டாம். கிளம்ப முக்கால் மணி நேரம் முன்னால் வலி மாத்திரை, கூடவே டாக்டர் எழுதிய வாந்தி மாத்திரை. வாந்தி எடுத்தால் வயிற்றுத் தசை இறுகி எல்லாத் தையலையும் ஒரே நேரத்தில் இழுக்கும். குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆரோக்கியமானவர்களுக்கே வாந்தி வரும்.

முன் சீட்டைப் பாதி சாய்த்து உட்கார வையுங்கள். சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட வேண்டாம். இடுப்புப் பட்டை தொப்புளுக்குக் கீழே, தொடையை ஒட்டி வரட்டும், வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மடித்த துண்டோ சின்னத் தலையணையோ வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கட்டும். காருக்குள் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வர வேண்டும், காலில் இரத்தம் கட்டாமல் இருக்க.

சீசன் மாதங்களில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில், குன்னூர் வழியாக ஏற மட்டும், கோத்தகிரி வழியாக இறங்க மட்டும் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவது வழக்கம். திரும்பி ஓட நேர்ந்தால் எந்த வழி என்பதை அப்போதைய நிலவரம் பார்த்து வையுங்கள். கோவையில் வாடகைக் கார் பிடித்தால் நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நீலகிரிப் பதிவு எண் வண்டிக்கு அது தேவையில்லை. மைசூரிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: பந்திப்பூர்க் காட்டுப்பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், ஆம்புலன்ஸைத் தவிர.

வீட்டில் முதல் பதினைந்து நாள்

ஒரு நோட்டு போடுங்கள். காலையும் மாலையும் வெப்பநிலை, நாடி, எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், சிறுநீர் எத்தனை தடவை என்ன நிறம், காற்றும் மலமும், தையலின் ஒரு போட்டோ. ஐந்து நிமிட வேலை. டாக்டருக்குப் போன் செய்யும்போது "கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காரு" என்பதற்கும் "நேத்து நாடி 84, இன்னைக்குக் காலைல 112" என்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு. சூடான டீ குடித்தவுடன் வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் இல்லாத காய்ச்சல் காட்டும். கால் மணி நேரம் விடுங்கள்.

மலைக் குளிரில் தாகம் எடுக்காது. அதுதான் இங்கே சத்தமில்லாமல் தொல்லை தருவது. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், டிரமடால் போன்ற வலி மாத்திரை அதை இன்னும் இறுக்கும், முக்கினால் தையலுக்குக் கேடு. இருதய, சிறுநீரக நோயாளிகளைத் தவிர மற்றவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் அளந்து, வெதுவெதுப்பாக, பிளாஸ்கில் வைத்துக் குடிக்கட்டும். மலம் போகவில்லை என்று விளக்கெண்ணெய் கொடுப்பதும் கடையில் இனிமா வாங்கி ஏற்றுவதும் வேண்டவே வேண்டாம். உள்ளே புதிதாக இணைத்த இடம் இருக்கிறது. மலமிளக்கி எது என்று டாக்டரே எழுதித் தருவார்.

சாப்பாடு ஆறு சின்ன வேளையாக: குழைந்த சாதம், ரசம், இட்லி, ராகிக் கஞ்சி, தயிர், முட்டை, மீன். படுகர் வீடுகளில் தவறாமல் இருக்கும் அவரையையும் முட்டைக்கோஸ், காலிஃபிளவரையும் முதல் சில வாரம் ஒதுக்கிவையுங்கள், காற்று கட்டும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலமோ ஸ்டோமாவோ சிவப்பாகப் போனால் பதறாதீர்கள். சாப்பிடாமலேயே சிவப்பாகப் போனால் பதறுங்கள்.

குளிருக்கு அறையைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு வைக்காதீர்கள். நிறமும் வாசனையும் இல்லாத நச்சு வாயு ஆரோக்கியமானவர்களையே தூக்கத்தில் கொன்றுவிடும். விறகுப் புகை இருமலையும் கிளப்பும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்திருக்கும் என்பதால் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தால் தோல் வெந்தது தெரியாது.

ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த குடம், கேஸ் சிலிண்டர், விறகுக் கட்டு, ஒன்றும் இல்லை. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் சுமையோடு சரிவில் ஏறுவதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்கு எட்டு வாரத்துக்கு முன் அந்த வேலை வேண்டாம். எஸ்டேட் மெடிக்கல் லீவுக்கான சான்றிதழை டிஸ்சார்ஜ் அன்றே தேதியோடு கேட்டு வாங்கினால் தனியாக ஒரு தடவை இறங்க வேண்டியதில்லை.

சிறுகுடல் ஸ்டோமா வைத்தவர்களுக்குத் தனியாக

இலியோஸ்டமி வைத்தவர்கள் திரும்பி அட்மிட் ஆவதற்கு முதல் காரணம் நீரிழப்பு. பெருங்குடல் உறிஞ்ச வேண்டிய தண்ணீரும் உப்பும் நேராகப் பைக்கு வந்துவிடுவதால் இப்படி. பையைக் காலி செய்யும் ஒவ்வொரு தடவையும் அளவு போட்ட டம்ளரில் ஊற்றி எழுதுங்கள். நாளுக்கு ஒரு லிட்டரைத் தாண்டினால் கவனம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அன்றே போன் செய்ய வேண்டும். சிறுநீர் மஞ்சள் கறுத்துக் குறைவது, எழுந்து நின்றால் கிறுகிறுப்பது, கெண்டைக்கால் இழுப்பது எல்லாம் உப்பும் நீரும் இறங்கிவிட்ட அடையாளங்கள்.

இங்கே எல்லோரும் செய்வது வெறும் தண்ணீரையும் இளநீரையும் லிட்டர் கணக்கில் கொடுப்பது. பையில் வருவது அதனால் கூடத்தான் செய்யும். சிறுகுடல் உப்போடு சேர்த்துத்தான் தண்ணீரை உறிஞ்சும், இளநீரில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக் கரைக்க வேண்டும்: ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. அந்தப் பெயரைப் போலவே டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஆகாது. பை ஓட்டம் அதிகம் உள்ளவர்களுக்கு டாக்டர் இதைவிட உப்புக் கூடிய கரைசல் சொல்லலாம். பரவலாகக் கொடுப்பது ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. சுவை மட்டமாகத்தான் இருக்கும், நாள் முழுக்கச் சிறிது சிறிதாக உறிஞ்ச வேண்டும்.

காளான், மக்காச்சோளம், தேங்காய், வேர்க்கடலை இவை முதல் ஆறு எட்டு வாரம் ஸ்டோமா வாயை அடைக்கும். ஆறு மணி நேரமாகப் பைக்கு ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கி வலித்தால் அடைப்பு என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

திரும்பிப் போக வேண்டிய அடையாளங்கள்

உள்ளே கசிவு இருந்தால் படத்தில் வருவதுபோல் நோயாளி துடிக்க வேண்டும் என்பதில்லை. நேற்று நடந்தவர் இன்று படுக்கையை விட்டு எழ மாட்டேன் என்பார், சாப்பாட்டைத் தள்ளுவார், விக்கல் நிற்காது, தோள்பட்டையில் வலி என்பார், நாடி 100-ஐத் தாண்டும், 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். நாளுக்கு நாள் தேற வேண்டிய ஆள் பின்னுக்குப் போனால் அதுவே காரணம் போதும். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்து ஒரு நாள் பார்ப்பது மிக மோசமான முடிவு. காய்ச்சலை மட்டும் மறைத்துவிட்டுச் சீழ் உள்ளே வளரும்.

தையல் சிவந்து சுட்டு, சீழ் வந்தால் போன் செய்துவிட்டு மறுநாள் காட்டலாம். ஆனால் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே தையலிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் குபுக்கென்று வந்து துணி நனைந்தால், அது அடித்தசைத் தையல் விட்டுப்போகிறது என்பதன் அடையாளம். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியை சலைனில் நனைத்து மூடி, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று மூச்சு முட்டுவது, நெஞ்சு குத்துவது, ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே போவது ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு வந்தவர்கள் அதில் வருவதன் நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ கலங்கி நாற்றமாகவோ மாறினால் அன்றே போக வேண்டும். கணைய ஆபரேஷன் ஆனவருக்குக் குழாயிலோ வாந்தியிலோ மலத்திலோ ஒரு ஸ்பூன் இரத்தம் வந்து நின்றுவிட்டாலும் "நின்னுடுச்சே" என்று உட்காரக் கூடாது. பெரிய இரத்தப்போக்குக்கு முன்னால் அப்படி ஒரு சின்ன முன்னறிவிப்பு வருவதுண்டு.

எங்கே போவது என்பதில் குழப்பம் வேண்டாம். மயக்கம், மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு, தையல் பிரிவது என்றால் 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், உதகை எதுவானாலும். அங்கே டிரிப்ஸும் ஆக்சிஜனும் ஆன்டிபயாடிக் ஊசியும் ஏற்றி நிலைப்படுத்திய பிறகே மலை இறங்க வேண்டும். வழியில் நிலைகுலைந்தால் மலையடிவாரத்துக் கல்லாறு வரும்வரை எதுவும் செய்ய முடியாது. மற்றவற்றுக்கு, சர்ஜனுக்குப் போன் செய்துவிட்டு, ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். "விடியட்டும் பார்க்கலாம்" என்பதை மாலை நான்கு மணிக்கு முடிவு செய்யாமல், நான்கு மணிக்கே போன் செய்து அவர்களை முடிவு செய்யவிடுங்கள். அதற்குப் பிறகு மூடுபனியும் இருட்டும் வந்துவிடும். கிளம்பும்போது வாய்வழி உணவை நிறுத்திவிடுங்கள், போனதும் மயக்க மருந்து கொடுக்க நேரலாம்.

முதல் ரிவ்யூ பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே வரும். ஸ்டேப்பிள் எடுப்பதை மட்டும் கோத்தகிரியிலோ குன்னூரிலோ முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டு, சரி என்றால் அதை சம்மரியில் எழுதி வாங்குங்கள். ஸ்டேப்பிள் எடுக்கும் கருவி அங்கே இருக்கிறதா என்று முதலில் போன் செய்து கேளுங்கள், இல்லாமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பயாப்சி ரிப்போர்ட் வரும் ரிவ்யூவுக்கு மட்டும் நேரில் இறங்கியே ஆக வேண்டும். நோட்டை எடுத்துப் போங்கள், மருந்து அட்டைகளையும் காலியானதோடு சேர்த்து.